பாக்தாத் ரயில் பாதையும் முதல் உலகப் போரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்கிறேன். முதல் உலகப் போருக்கான காரணங்கள் என்று பாடம் வந்தால், குறிப்பேட்டில் ‘பெர்லின்–பாக்தாத் ரயில் பாதை’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வருஷா வருஷம் அதே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை எழுதி, கீழே பதிலைத் தருகிறேன். பக்கத்தில் ஒரு மேற்காசிய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தால் பாதி சந்தேகம் தானாகவே தீரும்.

1. பெர்லின்ல ரயில் ஏறினா நேரா பாக்தாத்ல போய் இறங்கலாம்னு அர்த்தமா?

இல்லை. அது பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட பெயர். ஐரோப்பாவிலிருந்து இஸ்தான்புல் வரை 1888-லேயே தண்டவாளம் இணைந்துவிட்டது. அந்த ரயில்கள் வந்து நின்ற இடம் ஐரோப்பியக் கரையிலுள்ள சிர்கெசி நிலையம். அங்கே இறங்கி, படகில் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து, ஆசியக் கரையிலுள்ள ஹைதர்பாஷா நிலையத்தில் வேறு ரயில் ஏற வேண்டும்.

சண்டை எல்லாம் ஹைதர்பாஷாவுக்குக் கிழக்கே உள்ள பாதையைப் பற்றித்தான். அதில் இரண்டு கட்டங்கள். முதலாவது அனடோலிய ரயில்வே: ஹைதர்பாஷாவிலிருந்து இஸ்மித், எஸ்கிஷெஹிர் வழியாக அங்காரா வரை 1892-இல் வந்து சேர்ந்தது, எஸ்கிஷெஹிரில் பிரிந்து தெற்கே கோன்யா வரை 1896-இல் போனது. இரண்டாவதுதான் பாக்தாத் ரயில்வே. கோன்யாவில் தொடங்கி அதானா, அலெப்போ, மோசுல், பாக்தாத் வழியாக பாஸ்ரா வரை போடுவதாகத் திட்டம். 1903 மார்ச் 5 அன்று 99 ஆண்டு உரிமம் கையெழுத்தானது.

2. துருக்கி சுல்தானுக்கு அவ்வளவு தூரம் ரயில் எதுக்கு?

ராணுவத்துக்கு, அப்புறம் வரிக்கு. இரண்டாம் அப்துல் ஹமீது 1876-இல் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே ரஷ்யாவுடன் போர்; பெரும் தோல்வி. அவருடைய ராஜ்ஜியம் பால்கனிலிருந்து பாரசீக வளைகுடா வரை நீண்டு கிடந்தது. பாக்தாத் பக்கத்துப் படையை மேற்கே கொண்டுவர வாரக்கணக்கில் நடக்க வேண்டும். 1897-இல் கிரீஸோடு போர் வந்தபோது அனடோலிய ரயில் படைகளை விரைவாகக் கொண்டுவந்து சேர்த்தது. அதைப் பார்த்த பிறகு அவருக்கு ரயில் மேல் இருந்த நம்பிக்கை இன்னும் உறுதியானது.

கோதுமை இன்னொரு காரணம். உள்நாட்டுச் சமவெளியில் நன்றாக விளையும். ஆனால் ஒட்டகத்திலும் மாட்டு வண்டியிலும் துறைமுகம் வந்து சேர்வதற்குள் கூலியே விலையைத் தின்றுவிடும். அதனால் தலைநகரம் வெளிநாட்டு மாவைத் தின்றுகொண்டிருந்தது. தண்டவாளம் வந்ததும் அந்தக் கோதுமை சந்தைக்கு வந்தது. அதோடு வரியும் வந்தது.

3. அதை ஏன் ஜெர்மனிகிட்ட கொடுத்தார்? பிரிட்டன்தானே அப்போ பெரிய ஆள்?

பிரிட்டன் பெரிய ஆளாக இருந்ததுதான் பிரச்சினை. 1878-இல் சைப்ரஸைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது, 1882-இல் எகிப்துக்குள் படையை இறக்கியது. பிரான்ஸ் 1881-இல் துனிசியாவை எடுத்துக்கொண்டது. ரஷ்யா பரம்பரைப் பகையாளி. இவர்களில் யாரை நம்பி நாட்டுக்கு நடுவே தண்டவாளம் போடச் சொல்வது? ஜெர்மனி அதுவரை சுல்தானின் நிலத்தில் கை வைக்கவில்லை. அதன் அதிகாரிகள் அவருடைய படைக்குப் பயிற்சியும் கொடுத்துவந்தார்கள்.

1888-இல் டாய்ச்ச வங்கியின் ஜார்ஜ் வான் சீமென்ஸ் தலைமையிலான குழுவுக்கு அனடோலிய உரிமம் கிடைத்தது. (சீமென்ஸ் மின்சாதனக் கம்பெனியைத் தொடங்கிய வெர்னரின் உறவினர் இவர்.) அன்றைய ஜெர்மன் அதிபர் பிஸ்மார்க்குக்கு இதில் ஆர்வமே இல்லை. தடை சொல்லமாட்டேன், ஆனால் நஷ்டம் வந்தால் அது உங்கள் பாடு என்று வங்கிக்கு எழுதிவிட்டார். அந்த ஆண்டே பட்டத்துக்கு வந்த கெய்சர் (ஜெர்மன் பேரரசர்) இரண்டாம் வில்ஹெல்ம் நேர்மாறானவர். 1889-இலும் 1898-இலும் இஸ்தான்புல்லுக்கு வந்தார். இரண்டாவது பயணத்தில் டமாஸ்கஸில் சலாஹுத்தீன் சமாதிக்கு மரியாதை செய்து, 30 கோடி முஸ்லிம்களுக்கும் நான் என்றென்றும் நண்பன் என்று பேசினார். அந்த 30 கோடியில் மிகப் பெரிய பங்கு பிரிட்டிஷ் இந்தியாவிலும் பிரெஞ்சு, ரஷ்ய ஆட்சிகளின் கீழும் வாழ்ந்தவர்கள். மூன்று தலைநகரங்களும் அந்தப் பேச்சைக் குறித்துவைத்துக்கொண்டன.

4. பணம் யார் போட்டது? ‘கிலோமீட்டர் உத்தரவாதம்’னா என்ன? எத்தனை தடவை படிச்சாலும் புரியல சார்.

இதை நிதானமாகப் படியுங்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. கட்டுகிற கம்பெனி சொல்கிறது: ‘உங்கள் நாட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. டிக்கெட் விற்றுப் போட்ட பணத்தை எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு வருமானம் என்று அரசு உறுதி கொடுக்கட்டும். குறைந்தால் மீதியை அரசு தர வேண்டும்.’ இஸ்மித்–அங்காரா பாதைக்கு அந்தத் தொகை கிலோமீட்டருக்கு 15,000 பிராங்க். ஒரு வருஷம் 9,000 தான் வசூலானது என்று வைத்துக்கொள்வோம். அரசு கிலோமீட்டருக்கு 6,000 பிராங்க் கொடுக்க வேண்டும். பாதையின் நீளம் ஏறத்தாழ 485 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 29 லட்சம் பிராங்க் வரும். இதுவும் ஒரே ஒரு ஆண்டுக்கு.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பாதை போகும் மாவட்டங்களின் தசம வரியிலிருந்து, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்து வசூலிக்கும் வரியிலிருந்து. எஸ்கிஷெஹிர் பக்கம் ஒரு விவசாயி களத்தில் கோதுமையைத் தூற்றிக் குவித்து வைத்திருக்கிறார். வரிக்குரிய பங்கை அளந்து எடுத்த பிறகுதான் மீதி வீட்டுக்கு. வெளிநாட்டுக் கடனைத் திரும்பச் செலுத்த முடியாமல் போன துருக்கி அரசு, 1881-இல் ‘பொதுக் கடன் நிர்வாகம்’ என்ற அமைப்புக்கு ஒத்துக்கொண்டிருந்தது. கடன் கொடுத்த ஐரோப்பியர்களின் பிரதிநிதிகள் அதை நடத்தினார்கள். ரயிலுக்கு அடமானமான வரிப் பணமும் அந்த அமைப்பின் கை வழியாகத்தான் கம்பெனிக்குப் போனது. ரயிலில் ஒரு தடவைகூட ஏறாத விவசாயியும் ஆண்டுதோறும் ரயிலுக்குப் பணம் கட்டினார் என்பதுதான் இதன் பொருள்.

1903 உரிமத்தில் முறை சற்று மாறியது. கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 11,000 பிராங்க் கட்டுமானத்துக்கு. அதை ஆதாரமாக வைத்து அரசுக் கடன் பத்திரம் வெளியிட்டு, ஐரோப்பியச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் பாதை போட வேண்டும். ஓட்டும் செலவுக்குத் தனியாக 4,500 பிராங்க் உறுதி. முதல் 200 கிலோமீட்டர் கோன்யாவிலிருந்து புல்குர்லு வரை. சமவெளி, பெரிய பாலம் கிடையாது, சுரங்கம் கிடையாது. திரட்டிய பணத்தைவிடக் குறைந்த செலவில் 1904 அக்டோபரில் முடிந்தது. மிச்சம் கம்பெனிக்கு.

5. கடலோரமா போட்டிருந்தா செலவு கம்மியா இருந்திருக்குமே? ஏன் மலையைக் குடைஞ்சாங்க?

கடலோரம் போட்டால் பிரிட்டிஷ் கப்பலின் பீரங்கி எட்டிவிடும். அலெக்சாண்ட்ரெட்டா வளைகுடாவை ஒட்டி வந்தால் அமானஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போகலாம், செலவு மிச்சம். ராணுவம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் தாரஸ், அமானஸ் என்று இரண்டு மலைத்தொடர்களைக் குடைய வேண்டியதாயிற்று. அமானஸில் ஒரு சுரங்கம் மட்டுமே ஏறத்தாழ 5 கிலோமீட்டர்.

அந்தப் பயம் வீண் பயமல்ல. அலெக்சாண்ட்ரெட்டாவுக்குப் பின்னர் ஒரு கிளைப் பாதை போட்டார்கள். 1914 டிசம்பரில் ‘டோரிஸ்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அந்தக் கரைக்கு வந்தது. மாலுமிகள் கரையில் இறங்கித் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

6. பிரிட்டனுக்கு இதுல என்ன பயம்? அவங்க நாட்டுலயா ரயில் போடுறாங்க?

அவர்கள் பார்வையில் அது அவர்கள் வீட்டு வாசல்தான். 1869-இல் சூயஸ் திறந்த பிறகு இந்தியாவுக்கான வழி முழுக்க பிரிட்டிஷ் கப்பல்களின் கையில் இருந்தது. மத்தியதரைக் கடலையும் வளைகுடாவையும் தரைவழியாக இணைத்து, இன்னொரு நாட்டின் கையில் ஒரு பாதை வந்தால் அந்தப் பிடி தளரும். வளைகுடாவில் பிரிட்டனின் விவகாரங்களை லண்டன் நேரடியாக நடத்தவில்லை. பாரசீகக் கரையிலுள்ள புஷயரில் இருந்த அரசியல் பிரதிநிதி மூலம் இந்திய அரசு நடத்தியது. கொடுக்கல் வாங்கல் ரூபாயில் நடந்தது. கல்கத்தாவிலிருந்து வைஸ்ராய் கர்சன் பார்த்தால் வளைகுடா இந்தியாவின் மேற்கு மதில்.

1903 மே 5 அன்று வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் பிரபுக்கள் சபையில் வெளிப்படையாகச் சொன்னார்: வளைகுடாவில் வேறு எந்த நாடாவது கடற்படைத் தளமோ அரண் கட்டிய துறைமுகமோ அமைத்தால், அதைக் கடுமையான அச்சுறுத்தலாகக் கருதுவோம், முழு பலத்தோடு எதிர்ப்போம். அதே ஆண்டு நவம்பரில் கர்சன் போர்க்கப்பல்களோடு வளைகுடாவைச் சுற்றிவந்தார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வழியை முதலில் கனவு கண்டதே பிரிட்டிஷ்காரர்கள்தான். 1830-களில் செஸ்னி என்ற அதிகாரி இரண்டு நீராவிப் படகுகளோடு யூப்ரடீஸ் நதியில் இறங்கினார்; ஒன்று புயலில் மூழ்கியது. 1850-களில் யூப்ரடீஸ் பள்ளத்தாக்கில் ரயில் போடவும் திட்டம் வகுத்தார்கள். பணம் திரளவில்லை. சூயஸ் வந்ததும் விட்டுவிட்டார்கள்.

7. குவைத் பேர் ஏன் இதுல அடிக்கடி வருது?

பாஸ்ரா நதித் துறைமுகம். பெரிய கப்பல்களுக்குத் தோதான கடல் துறைமுகம் என்று பார்த்தால் அந்தக் கோடியில் குவைத் கண்ணில் படும். பாதை அங்கே முடியலாம் என்று பேச்சு எழும்பும் முன்பே பிரிட்டன் முந்திக்கொண்டது. 1899 ஜனவரி 23 அன்று குவைத் ஷேக் முபாரக் அல்-சபா ஒரு ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தானும் தன் வாரிசுகளும் பிரிட்டிஷ் அரசின் சம்மதம் இல்லாமல் எந்த நிலத்தையும் யாருக்கும் விற்பதோ, குத்தகைக்கு விடுவதோ, அடமானம் வைப்பதோ இல்லை. வேறு நாட்டுப் பிரதிநிதியை ஏற்பதும் இல்லை. இதற்குக் கைமாறாக அவருக்குக் கிடைத்தது 15,000 ரூபாய்.

1900-இல் ஜெர்மானியத் தூதுக்குழு குவைத்துக்குப் போய், ரயில் முனையத்துக்கு இடம் கேட்டது. முபாரக் கொடுக்க மறுத்தார். சட்டப்படி குவைத் சுல்தானுக்கு உட்பட்டது என்றுதான் இஸ்தான்புல் கருதியது. ஆகவே பாதை போட உரிமம் கொடுத்தவரின் கையில் அதன் கடைசி முனை இல்லை.

8. பிரிட்டனும் பங்கு சேர்ந்திருக்கலாமே? சேர்ந்திருந்தா பிரச்சினையே இல்லையே!

சேரத்தான் பார்த்தார்கள். 1903 தொடக்கத்தில் ஜெர்மன், பிரெஞ்சு, பிரிட்டிஷ் பணக்காரர்கள் சம பங்கு போடும் ஏற்பாடு ஏறக்குறையத் தயாராக இருந்தது. பிரதமர் பால்ஃபோரும் லான்ஸ்டவுனும் ஆதரவாக இருந்தார்கள். லான்ஸ்டவுன் நினைத்தது: எப்படியும் போடப்போகிறார்கள், உள்ளே இருந்தால் ஒரு கை நம்முடையதாக இருக்கும்.

பத்திரிகைகள் கொதித்தன. அப்போதுதான் வெனிசுவேலாவில் கடன் வசூலுக்காக ஜெர்மனியோடு சேர்ந்து கப்பலை அனுப்பி, பிரிட்டன் கெட்ட பேர் வாங்கியிருந்தது. ஜெர்மனியோடு இன்னொரு கூட்டா என்று பொதுமக்களும் எதிர்த்தார்கள். ஏப்ரல் 23 அன்று விலகுவதாக பால்ஃபோர் அறிவித்தார். என் கணிப்பில் இந்தக் கதையிலேயே பெரிய திருப்பம் இதுதான். நியாயமாக யோசித்து எடுத்த முடிவு பத்திரிகைச் சத்தத்தில் சில வாரங்களிலேயே உடைந்தது. 11 ஆண்டு கழித்து, இதைவிடக் குறைந்த பங்குக்கு பிரிட்டன் திரும்பி வந்தது (13-ஆம் கேள்வி).

9. ரஷ்யா நடுவுல எங்கே வருது?

ரஷ்யாவுக்கு இரண்டு கவலை. கருங்கடலுக்குத் தெற்கே துருக்கிப் படை வேகமாக நகரக் கூடாது. பாரசீகச் சந்தைக்குள் ஜெர்மன் சரக்கு நுழையக் கூடாது. முதல் கவலைக்கு 1900-இல் சுல்தானிடம் எழுதி வாங்கிக்கொண்டது: வடக்கு அனடோலியாவில் ரயில் போட்டால் துருக்கியே போடட்டும், இல்லையென்றால் ரஷ்யர்களுக்குக் கொடுக்கட்டும். பாக்தாத் பாதை அங்காராவிலிருந்து கிழக்கே போகாமல் கோன்யா வழியாகத் தெற்கே திரும்பியதற்கு ரஷ்ய எதிர்ப்பு முக்கியக் காரணம். பாரசீகத்தில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த நாட்டில் ரயிலே போடக் கூடாது என்று 1890-இல் ஷாவிடம் உறுதி வாங்கி, அதை நீட்டித்துக்கொண்டே வந்தது.

1907-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. பிறகு 1910 நவம்பரில் போட்ஸ்டாமில் ஜார் நிக்கோலஸ் கெய்சரைச் சந்தித்தார். 1911 ஆகஸ்டில் உடன்பாடு ஆனது: பாக்தாத் பாதையை ரஷ்யா எதிர்க்காது, வடக்குப் பாரசீகம் ரஷ்யாவின் மண்டலம் என்பதை ஜெர்மனி ஏற்கும். இந்தப் பங்கீட்டில் பாரசீக அரசைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்யவில்லை.

10. பிரான்ஸ்?

பிரெஞ்சு அரசு எதிர்த்தது, பிரெஞ்சுப் பணம் ஆசைப்பட்டது. இஸ்தான்புல்லில் இருந்த ஒட்டோமான் வங்கியில் பெரும்பங்கு பிரெஞ்சு முதலீடு. அது இந்தத் திட்டத்தில் சேர விரும்பியது. வெளியுறவு அமைச்சர் தெல்காசே பாரிஸ் பங்குச் சந்தையில் பாக்தாத் பத்திரங்களை அனுமதிக்கவில்லை. 1914 பிப்ரவரி 15 உடன்பாட்டில் பிரான்ஸ் ஒதுங்கிக்கொண்டது. சிரியாவிலும் வடக்கு அனடோலியாவிலும் ரயில் வேலைகள் அதன் பங்குக்கு விடப்பட்டன.

11. பிரிட்டன் ஒரு பைசா போடல, ஒரு கப்பலும் அனுப்பல. அப்புறம் எப்படிப் பாதையைத் தடுத்தது?

நல்ல கேள்வி. சுங்க வரியை வைத்துத் தடுத்தது. துருக்கியில் இறக்குமதிச் சுங்கம் 8 சதவீதம். பழைய உடன்படிக்கைகளின்படி ஐரோப்பிய வல்லரசுகளின் சம்மதம் இல்லாமல் சுல்தான் அதை அரை சதவீதம்கூட உயர்த்த முடியாது. நாலாவது பதிலில் சொன்ன கிலோமீட்டர் பணத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு புதிய கட்டத்துக்கும் அடமானம் வைக்க அரசுக்குப் புதிய வருமானம் வேண்டும். சுங்கத்தை உயர்த்தினால்தான் அது வரும். அதற்கு லண்டன் தலையாட்ட வேண்டும். 1907-இல் 11 சதவீதமாக உயர்த்த ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பணத்தை மாசிடோனியச் சீர்திருத்தத்துக்கு என்று கட்டிப்போட்டார்கள்.

அதனால் தண்டவாளம் புல்குர்லுவில் அப்படியே நின்றது. எதிரே தாரஸ் மலை. ஐந்து ஆண்டு போல, பெயரில் பாக்தாத் இருந்த அந்த ரயில், பாக்தாத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே ஒரு வெட்டவெளியில் முடிந்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. 1908 ஜூனில் அடுத்த கட்டங்களுக்கு உடன்பாடு வந்தது. மறு மாதமே சுல்தானின் தனியாட்சிக்கு எதிராக இளம் துருக்கியர் புரட்சி. வேலை மறுபடி சூடுபிடிக்க இன்னும் காலம் ஆனது.

12. எல்லாம் எண்ணெய்க்காகத்தானே சார்?

தொடக்கத்தில் இல்லை. 1888-இல் சீமென்ஸ் பார்த்தது கோதுமையையும் கடன் பத்திரத்தையும்தான். 1903 உரிமத்தில் பாதையின் இருபுறமும் 20 கிலோமீட்டருக்குக் கனிமம் தோண்டும் உரிமை சேர்ந்தது. எண்ணெய் பெரிய விஷயமாவது அதற்குப் பிறகு, பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறும்போது.

1914 மார்ச்சில் துருக்கி பெட்ரோலியம் கம்பெனியில் டாய்ச்ச வங்கிக்கு 25 சதவீதம் என்று முடிவானது. கவனியுங்கள், இங்கேயும் பிரிட்டனும் ஜெர்மனியும் சண்டை போடவில்லை, பங்கு பிரித்துக்கொண்டன. போருக்குப் பின் 1920-இல் சான் ரெமோ மாநாட்டில் அந்த ஜெர்மன் பங்கு பிரான்ஸுக்குப் போனது.

13. அப்போ இந்த ரயில் பாதையால்தான் போர் வந்ததுன்னு எழுதலாமா, கூடாதா?

அப்படியே எழுதினால் தவறு. தேதிகளைப் பாருங்கள். ரஷ்யாவுடன் 1911-இல் தீர்ந்தது. பிரான்ஸுடன் 1914 பிப்ரவரியில். பிரிட்டனுடன் 1914 ஜூன் 15 அன்று: வெளியுறவு அமைச்சர் கிரேயும் ஜெர்மன் தூதர் லிச்னோவ்ஸ்கியும் லண்டனில் ஒப்பந்த வரைவில் சுருக்கொப்பம் இட்டார்கள். பாதை பாஸ்ராவோடு நிற்கும். பிரிட்டன் சம்மதிக்காமல் வளைகுடா வரை நீளாது. கம்பெனிக் குழுவில் இரண்டு பிரிட்டிஷ் இயக்குநர்கள். எந்த நாட்டுச் சரக்குக்கும் ஒரே கட்டணம். 13 நாள் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஜூன் 15-லிருந்து ஐம்பதாவது நாள், ஆகஸ்ட் 4 அன்று, பிரிட்டன் போர் அறிவித்தது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவே இல்லை.

தேர்வில் நான் எழுதச் சொல்வது இதுதான்: பாக்தாத் ரயில் போட்டி வல்லரசுகளுக்கிடையே அவநம்பிக்கையை வளர்த்தது, ஆனால் போர் தொடங்கும் முன்பே பேசித் தீர்க்கப்பட்டிருந்தது. நேரடிக் காரணங்களைப் பால்கனில் தேட வேண்டும்.

14. தீர்ந்துபோன பிரச்சினைன்னா அதை ஏன் காரணப் பட்டியல்ல சேர்க்கிறாங்க?

இது ஒரு மாணவி கேட்டது. எனக்கே பதில் சொல்ல ஒரு வாரம் ஆனது. ஒப்பந்தம் தீர்த்தது கட்டணத்தையும் முனையத்தையும். பத்துப் பதினைந்து ஆண்டாகப் படிந்த சந்தேகத்தை ஒரு காகிதம் தீர்க்காது. ஜெர்மன் அதிகாரி லிமான் வான் சாண்டர்ஸ் 1913 கடைசியில் இஸ்தான்புல் படையணிக்குத் தலைமை ஏற்க வந்ததும் ரஷ்யா பதறியது. ரயிலும் அவர்களுடையது, படையும் அவர்களுடையதா என்பதுதான் பதற்றம். இரண்டாவது, துருக்கி. 1914 ஆகஸ்ட் 2 அன்று அது ஜெர்மனியோடு ரகசியக் கூட்டு சேர்ந்தது. கால் நூற்றாண்டு ரயில், கடன், படைப் பயிற்சி உறவு அதற்குப் பின்னணி. போர் தொடங்கியதற்கு ரயில் காரணமில்லை என்றாலும், போர் மெசொபொட்டேமியா (இன்றைய ஈராக்) வரை பரவியதில் அதற்குப் பங்கு உண்டு.

15. போர் நேரத்துல பாதை ரெடியா இருந்ததா?

இல்லை. தாரஸில் ஓர் இடைவெளி, அமானஸில் இன்னொன்று, மோசுல் பக்கம் மிகப் பெரியது. பாக்தாத் முனையிலிருந்து சமாரா வரை மட்டும் ஒரு தனித் துண்டு 1914-இல் ஓடத் தொடங்கியிருந்தது. பாக்தாத் முன்னணிக்கு ஒரு பீரங்கி போக வேண்டும் என்று வையுங்கள். தாரஸ் மலையிலுள்ள பொசாந்தியில் ரயிலிலிருந்து இறக்கு. மலைப்பாதையில் வண்டியிலும் ஒட்டகத்திலும் ஏற்று. மறுபுறம் ரயிலில் ஏற்று. அமானஸ் அடிவாரத்தில் மறுபடி இறக்கு. மலையைத் தாண்டி மறுபடி ஏற்று. ராஸ் அல்-ஐன் தாண்டினால் தண்டவாளமே தீர்ந்துவிடும். தாரஸ் சுரங்கங்கள் வழியாக ஸ்டாண்டர்ட் கேஜ் ரயில் (மீட்டர் கேஜைவிட அகலமானது, நம் ஊர் அகலப் பாதையைவிடக் குறுகலானது) முழுமையாக ஓடியது 1918 அக்டோபரில். அந்த மாதக் கடைசியில் துருக்கி சரணடைந்தது.

16. நம்ம ஆளுங்க யாராவது இதுல இருந்தாங்களா?

இருந்தார்கள். நமக்கு அந்தப் போர் என்றால் 1914 செப்டம்பரில் சென்னை மேல் குண்டு போட்ட எம்டன்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வளைகுடா முனையில் இறங்கி பாஸ்ராவைப் பிடித்தது இந்திய ராணுவம். ‘தம்பிகள்’ என்று இன்றும் அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் மெசொபொட்டேமியாவில் பணியாற்றினார்கள்.

1916 ஏப்ரல் 29 அன்று குத் நகரில் முற்றுகையிடப்பட்ட பிரிட்டிஷ் இந்தியப் படை சரணடைந்தது. சுமார் 13,000 பேர், பெரும்பான்மை இந்தியர்கள். கைதிகளைப் பாலைவனம் வழியாக நடத்திக் கொண்டுபோனார்கள். வழியிலேயே பலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் இந்தியச் சிப்பாய்கள் பலரை ராஸ் அல்-ஐனில் தண்டவாளம் போடும் வேலையில் விட்டார்கள். இந்தியாவைக் காக்க எந்தப் பாதையை பிரிட்டன் எதிர்த்ததோ, அந்தப் பாதைக்கே இந்தியர்கள் மண் சுமந்தார்கள்.

17. ஆர்மீனியர் படுகொலையில இந்த ரயிலுக்குச் சம்பந்தம் உண்டுன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. 1915-இல் மேற்கு அனடோலியாவிலிருந்து ஆர்மீனியர்களை வெளியேற்றி சிரியப் பாலைவனம் நோக்கி அனுப்பியபோது, பலரை இந்த ரயிலில் ஏற்றினார்கள். அனடோலிய ரயில்வேயின் துணைத் தலைவர் பிரான்ஸ் குந்தர் அந்த அக்டோபரில் டாய்ச்ச வங்கிக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். ஆடு ஏற்றும் பெட்டிகள். பத்துப் பெட்டியில் 880 மனிதர்கள் என்று மனம் கசந்து எழுதியிருந்தார். அதாவது ஒரு பெட்டிக்கு 88 பேர். பெர்லினில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அமானஸ் சுரங்க வேலையில் ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் இருந்தார்கள். ஆள் போனால் வேலை நிற்கும் என்று ஜெர்மன் பொறியாளர்கள் வாதாடினார்கள். சிலர் உண்மையாகவே உயிரைக் காக்க முயன்றார்கள். 1916 ஜூனில் அவர்களையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

18. கடைசியில் பாக்தாத் வரைக்கும் பாதை முடிஞ்சுதா?

1940 ஜூலையில் முடிந்தது. அதற்குள் கெய்சரும் இல்லை, சுல்தானும் இல்லை. பாக்தாத்திலிருந்து பாஸ்ராவுக்கு பிரிட்டிஷ்காரர்கள் போர்க்காலத்தில் தொடங்கிய பாதை மீட்டர் கேஜ்; இந்தியாவிலிருந்து கொண்டுபோன தளவாடங்கள் அதில் கலந்திருந்தன. வடக்கிலிருந்து வந்தது ஸ்டாண்டர்ட் கேஜ். ஆகவே எந்த வளைகுடா வாசலுக்காக 15 ஆண்டு பேச்சுவார்த்தை நடந்ததோ, அந்த வாசலுக்குப் போகிறவர்கள் பாக்தாத்தில் ரயில் மாறித்தான் போனார்கள்.

நடுப்பகுதிக்கு நேர்ந்தது வேறு. 1921 அக்டோபரில் துருக்கியும் பிரான்ஸும் எல்லை வகுத்தபோது, சோபான்பேயிலிருந்து நுசைபின் வரை இந்தத் தண்டவாளத்தையே கோடாக வைத்துக்கொண்டார்கள். தண்டவாளமும் நிலையங்களும் துருக்கிக்கு; அதற்குத் தெற்கே சிரியா. இந்தியக் கைதிகள் வேலை செய்த ராஸ் அல்-ஐன் ஊர் அப்படித்தான் இரண்டானது. வடக்குப் பாதிக்கு இப்போது ஜெய்லான்பினார் என்று பெயர். தெற்குப் பாதி பழைய பெயரோடு சிரியாவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்து ஆட்கள். நடுவே ரயில் பாதை, முள்வேலி.